மணியோடு ஏற்காட்டில் மூன்று நாள்

விடுமுறை வந்தால் பெட்டி கட்டுவதும், வாசலைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுப்பதும் பெரிய காரியமில்லை. நாய் வளர்க்கிற வீடுகளில்தான், "இதை யாரிடம் விட்டுப் போவது?" என்ற கேள்வி எழுந்து, பல பேர் பயணத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். கூடவே அழைத்துப் போகலாம், சகோதரிகளே! அழகழகாகப் படங்களும் எடுத்து வரலாம். கொஞ்சம் முன்யோசனை மட்டும் வேண்டும். சென்ற டிசம்பரில், குழந்தைகளின் அரையாண்டு விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து ஏற்காடு போய் வந்தோம். அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். என் கணவர், நான், மாமியார், நான்காவது படிக்கும் பெண், நான்கு வயசுப் பையன், அப்புறம் மணி. மணி நாட்டு நாய். மூக்கிலிருந்து வால் வரை கறுப்பு. நெஞ்சில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளைப் பொட்டு. என் பெண் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தது. வயசு 12 ஆகிறது. "பின்னங்கால் மூட்டு தேய ஆரம்பிச்சிருக்கு. எங்கேயாவது கூட்டிப் போறதா இருந்தா இந்த வருஷமே போயிட்டு வந்துடுங்க" என்று கால்நடை டாக்டர் சொன்னார். அன்றைக்கே நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

எனக்குள் இன்னொரு எண்ணமும் இருந்தது. என் பிறந்த வீட்டில் ராஜு என்று ஒரு நாய் 14 வருஷம் இருந்தது. அதற்கு ஒரு படம்கூடக் கிடையாது. கல்யாண ஆல்பத்தில் பந்தல்காலுக்குப் பின்னால் அதன் வால் மட்டும் தெரிகிறது! ராஜுவின் முகம் என் ஞாபகத்தில் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வருகிறது. மணிக்கு அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். மாமியாரிடம் சொன்னபோது, "நாய்க்கு எதுக்கும்மா போட்டோ? பொண்ணு பாக்கவா போறோம்?" என்று சிரித்தார்.

புறப்படுமுன்

முதல் வேலையாக மணியை டாக்டரிடம் காட்டினோம். வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டு வருகிறோம். அந்தத் தடுப்பூசிப் புத்தகத்தைப் பைக்குள் முதலில் வைத்தேன். கழுத்துப் பட்டையில் எங்கள் செல்போன் எண் பொறித்த சின்னத் தகடு. கயிற்றை மாட்டுவதற்கு, கழுத்தை இறுக்காமல் நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸ் பட்டை. வீட்டில் அது படுக்கும் பழைய ஜமுக்காளத்தைத் துவைக்காமலே எடுத்துக்கொண்டேன். தன் வாசனை உள்ள துணி விரித்த இடம் நாய்க்குத் தன் வீடு மாதிரி. புது ஊரில் அது நிம்மதியாகத் தூங்கினால்தான் மறுநாள் படத்தில் முகம் தெளிவாக இருக்கும்.

இரண்டு படங்களை வீட்டு வாசலிலேயே எடுத்துக்கொண்டேன். ஒன்று நேர் முகம், ஒன்று பக்கவாட்டில் முழு உடம்பு. இவை அழகுக்காக எடுப்பவை அல்ல. வெளியூரில் நாய் கைதவறிப் போய்விட்டால், "கறுப்பு நாய், இவ்வளவு உசரம்" என்று வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு தெளிவான படம் பத்து மடங்கு உதவும்.

ரயிலில் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தூங்கும் வசதிப் பெட்டியிலும், இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நாயை ஏற்ற அனுமதி இல்லை. முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் எடுத்தால் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்ப வேண்டும். வயசான மணிக்குக் கூண்டு ஒத்துவராது என்று நாங்கள் காரிலேயே போனோம்.

இருபது வளைவுகள்

விடியற்காலையில் கிளம்பி, முசிறி, நாமக்கல் வழியாகச் சேலம் சேர்ந்தோம். காவிரிக்கரை ஓரமாக வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகும் சுகமான பாதை அது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள்! என் பெண் ஒவ்வொரு வளைவாக உரக்க எண்ணிக்கொண்டு வந்தாள்.

மலைப்பாதையில் நமக்கே தலை சுற்றும், நாய்க்கும் சுற்றும். அதனால் புறப்படுவதற்கு நாலு மணி நேரம் முன்னதாகவே மணிக்குக் கொஞ்சமாக மோர் சாதம் போட்டு முடித்திருந்தேன். வழியில் தண்ணீர் மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி நிற்க நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையை நாய்க்குப் பாதி உடைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. டாக்டரைக் கேட்காமல் அப்படிச் செய்யவே கூடாது.

நாய் கார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காது காற்றில் பறக்க நிற்பதைப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணில் தூசியும் பூச்சியும் அடிக்கும். எதிரே பஸ் திரும்பினால் கேட்கவே வேண்டாம். அந்தப் படத்தை நின்ற காரில் எடுங்கள்! வளைவு இல்லாத அகலமான இடத்தில் காரை ஓரம் கட்டினோம். மணி தானாகவே ஜன்னலில் முகவாயை வைத்துக்கொண்டு காற்றை மோந்தது. நான் இறங்கி நின்று எடுத்தேன். ஓடும் கார் மாதிரியே இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கதவைத் திறக்குமுன் கயிறு யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும். இந்தப் பாதை நெடுகிலும் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. நாய் ஒன்றைத் துரத்திப் பாய்ந்தால் பள்ளமும் தெரியாது, லாரியும் தெரியாது. குரங்கோடு நாயைச் சேர்த்து வைத்துப் படம் எடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். குரங்கு கடித்தால் காயம் ஆழமாகப் படும்.

ஏரிக்கரையில் காலை நேரம்

ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். டிசம்பரில் காலை ஏழு மணிக்கு ஏரியின் மேல் பனி புகைபோல மிதக்கிறது. படகுகள் இன்னும் கிளம்பவில்லை, கூட்டம் இல்லை. படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. உச்சி வெயிலில் எடுத்தால் நாய் கண்ணைச் சுருக்கும், நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கும். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் மென்மையாக விழும்.

ஆனால் கறுப்பு நாய்க்குப் பனி ஒரு சோதனை! பின்னால் எல்லாம் வெள்ளையாக இருந்தால், காமிரா அந்த வெள்ளைக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. மணி கரிக்கட்டை மாதிரி, கண் மூக்கு தெரியாமல் விழுந்தது. என் கணவர் ஒரு வழி சொன்னார். செல்போன் திரையில் நாயின் முகத்தின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அதோடு, பனிக்கு எதிராக நிறுத்தாமல், கரும்பச்சை மரங்கள் பின்னால் வரும்படி மணியைத் திருப்பி உட்கார வைத்தோம். வானத்து வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்தது. கண்ணில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி தெரிந்ததும் படத்துக்கு உயிர் வந்துவிட்டது!

இன்னொன்று, நாம் நின்றபடி மேலிருந்து எடுத்தால் நாயின் முதுகும் பெரிய தலையும்தான் விழும். தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நம் கண்ணும் அதன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். புடவையில் மண் ஒட்டினால் ஒட்டட்டும், துவைத்துக்கொள்ளலாம்.

மணியைக் காமிராவைப் பார்க்க வைக்க என் பையன் சிவப்புப் பந்தைக் காட்டிக் காட்டிப் பார்த்தான். மணி திரும்பவே இல்லை. நாய்களுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அதற்கு மங்கலாகத்தான் இருக்கும். நீலப் பந்தை எடுத்துக் காமிராவுக்குப் பக்கத்தில் பிடித்தோம். உடனே காதை நிமிர்த்திக்கொண்டு பார்த்தது! செல்போன் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து எடுத்தால் ஒன்றாவது தேறும்.

ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா நடக்கும்போது, மலர்க் கண்காட்சியோடு நாய்கள் கண்காட்சியும் நடப்பதுண்டு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் ஊர் நாய்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தச் சமயம் போகலாம். மணிக்குக் கூட்டம் ஆகாது என்பதால் நாங்கள் டிசம்பரிலேயே போய்விட்டோம்.

காப்பித் தோட்டத்துச் சிவப்புப் பழம்

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்றைக்கு எங்கே திரும்பினாலும் காப்பித் தோட்டம்தான். உயரமான சில்வர் ஓக் மரங்கள் நிழல் தர, அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே காப்பிச் செடிகள். டிசம்பர் பழம் பறிக்கும் காலம். கிளை முழுக்கச் சிவப்பு மணிகள் கோத்த மாதிரி காய்த்துக் கிடந்தன. நாங்கள் தங்கிய விடுதி ஒரு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது.

அந்தச் செடிகளுக்கு நடுவே மணியைப் படம் எடுக்க ஆசைப்பட்டு, தோட்டத்துக் காவல்காரரிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எடுங்கம்மா. ஆனா கீழ விழுந்த பழத்தைத் தின்ன விடாதீங்க" என்றார் அவர். அவர் சொன்னது முக்கியமான விஷயம். காப்பிப் பழத்திலும் கொட்டையிலும் உள்ள காஃபீன் நாய்க்கு விஷம். தின்றால் நிலைகொள்ளாமல் தவிக்கும், வாந்தி எடுக்கும், இதயம் படபடக்கும், உடம்பு நடுங்கும். மலை ஊர்க் கடைகளில் விற்கிற சாக்லேட்டும் அப்படித்தான். அதில் உள்ள தியோப்ரோமின் என்ற பொருள் நாயின் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போகாது. திராட்சை, கிஸ்மிஸ், வெங்காயமும் ஆகாது. படத்துக்காக நாயின் வாயருகே சாக்லேட்டையோ கேக்கையோ நீட்டிப் பிடிக்காதீர்கள். ஒரே நொடியில் விழுங்கிவிடும். நான் வீட்டிலிருந்து வேகவைத்த கேரட் துண்டுகளை டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன்.

மரநிழலில் எடுக்கும்போது, இலைகளுக்கு நடுவே விழும் பொட்டுப் பொட்டான வெயிலைத் தவிர்க்க வேண்டும். நாயின் உடம்பில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருக்கும். முழு நிழலாகப் பார்த்து நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் காதுக்குள், கால்விரல் இடுக்கில், வாலடியில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் போகிறவர்கள் அட்டைக்கும் பார்க்க வேண்டும். இந்தக் காடுகளில் காட்டெருமைகள் இருக்கின்றன. அந்தி சாய்ந்தபின் நாயோடு தோட்டத்துக்குள் போக வேண்டாம் என்றும் காவல்காரர் சொன்னார்.

லேடீஸ் ஸீட்டில் கண்ட காட்சி

மாலையில் லேடீஸ் ஸீட் போனோம். மலைவிளிம்பில் நின்றால், நாம் ஏறி வந்த பாதை பாம்பு மாதிரி வளைந்து கிடக்க, தூரத்தில் சேலம் நகரம் தெரிகிறது. எல்லோருக்கும் அங்கே படம் எடுக்க ஆசை.

ஒரு குடும்பம் தங்கள் குட்டி நாயைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார வைத்தது. அப்பா பின்னால் நகர்ந்து நகர்ந்து காமிராவைச் சரிசெய்கிறார். அம்மா, "இங்க பாரு, இங்க பாரு" என்று கை தட்டுகிறார். அந்தச் சமயம் எங்கோ ஒரு குரங்கு கத்த, குட்டி துள்ளிக் குதித்தது. நல்லவேளை, உள்பக்கமாகக் குதித்தது! எனக்குக் கைகால் எல்லாம் சில்லிட்டுப் போயிற்று. அந்தப் பக்கம் குதித்திருந்தால்? நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பள்ளத்தாக்கு படத்தில் வர வேண்டுமானால் நாய் விளிம்பில் நிற்க வேண்டியதில்லை. விளிம்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே மணியை உட்கார வைத்து, நான் இன்னும் தள்ளித் தாழ்வாக உட்கார்ந்து எடுத்தேன். மணிக்குப் பின்னால் மலையும் வானமும் ஒட்டி நிற்பதுபோல் விழுந்திருக்கிறது. கயிறு என் கணவர் கையில். அவர் செல்போனைத் தொடுவதில்லை, நான் கயிற்றைத் தொடுவதில்லை. இதுதான் எங்கள் ஏற்பாடு. எடுப்பவர் பின்னால் காலடி வைத்து நகரவே கூடாது. நாயைப் போலவே நாமும் விழக்கூடியவர்கள்தான்!

அங்கிருந்த காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர், "ஆன்ட்டி, உங்க நாயோட ஒரு செல்ஃபி?" என்று சூழ்ந்துகொண்டார்கள். மணி கொட்டாவி விட்டது. உதட்டை நக்கிக்கொண்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. "பாவம், தூக்கம் வருது போல" என்றாள் ஒரு பெண். தூக்கம் இல்லை. நாய்க்குச் சங்கடமாக இருந்தால் இப்படித்தான் சொல்லும். காதைப் பின்னால் ஒட்டிக்கொள்வது, வாலைக் கால் நடுவே இடுக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, எல்லாம் அதே சேதிதான். அதற்குமேலும் நெருங்கினால் உறுமும், அப்புறம் கடிக்கும். "வேணாம்மா, அதுக்குப் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அந்தப் பிள்ளைகளும் நல்லவர்கள், "ஸாரி மணி!" என்று சொல்லிப் போனார்கள்.

குழந்தையும் நாயும்

இளம் தாய்மார்கள் இதை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கிற படம் நமக்குக் கொள்ளை அழகு. ஆனால் நாய்க்குக் கழுத்தைக் கட்டுவது சிறைபிடிப்பது மாதிரி. எவ்வளவு சாதுவான நாயானாலும், மூட்டு வலி உள்ள நாய் வேதனையில் சட்டென்று வாயை வைத்துவிடும். அப்போது அதன் பல்லுக்கு நேரே இருப்பது குழந்தையின் முகம். என் பையனிடம், "மணிக்குப் பக்கத்துல உக்காந்து நீ புஸ்தகம் பாரு" என்றுதான் சொன்னேன். ஒரு முழம் இடைவெளி. கொஞ்ச நேரத்தில் மணியே அவன் பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. அந்தப் படத்தை யாரும் சொல்லி எடுக்கவில்லை.

வேஷம் போடுகிற விஷயமும் அப்படித்தான். புத்தாண்டுத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கவுன் என்று விற்கிறார்கள். என் பெண் ஆசைப்பட்டாள் என்று கழுத்தில் மஞ்சள் சாமந்திச் சரம் ஒன்றைத் தளர்வாகப் போட்டோம். மணி அதை உதறவில்லை. இரண்டு படம் எடுத்ததும் கழற்றிவிட்டோம். உதறினாலோ, அசையாமல் உறைந்து நின்றாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எதுவானாலும் ஐந்து நிமிஷத்துக்குமேல் நாயைப் படத்துக்கு நிறுத்தாதீர்கள்.

ராத்திரியில் ஃப்ளாஷ் வேண்டாம். நாயின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அதனால்தான் படத்தில் கண் பச்சையாக எரிகிறது; திடீர் வெளிச்சத்தில் நாயும் மிரளும். வராந்தா விளக்கடியில் எடுத்தாலே போதும். புத்தாண்டு வெடிச்சத்தம் கேட்கும் இரவில் நாயை அறைக்குள் வைத்து, நாமும் கூட இருந்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் மாமியார் வராந்தாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, இள வெயிலில் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மணி அவர் காலடியில். உரித்த கை அப்படியே நிற்க, அவரும் கண்ணயர்ந்துவிட்டார். மணி அவர் பாதத்தின்மேல் முகவாயை வைத்துத் தூங்குகிறது. "அம்மா, அப்பாயியைப் பாரேன்!" என்று என் பெண் கிசுகிசுத்தாள். செல்போனின் சத்தத்தை அணைத்துவிட்டு, தூணருகே இருந்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.

இவற்றை மறவாதீர்கள்

* நாயைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள். குளிர்ந்த ஊரானாலும், வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிஷத்தில் 10 டிகிரி வரை சூடு ஏறிவிடும்.

* தடுப்பூசிப் புத்தகம், தண்ணீர்க் கிண்ணம், பழைய துணி, வழக்கமாகக் கொடுக்கும் மருந்து ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். போகிற ஊரில் கால்நடை மருத்துவமனை எங்கே என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

* பூங்காவோ, கோவிலோ, விடுதியோ, நாயை அனுமதிப்பார்களா என்று வாசலில் கேட்டுவிட்டு நுழையுங்கள். சரணாலயங்களுக்கு வளர்ப்பு நாய்களைக் கொண்டுபோகக் கூடாது.

* படத்தில் கயிறு தெரிகிறதே என்று அவிழ்த்துவிடாதீர்கள். தெரிந்தால் என்ன குறைந்துவிட்டது?

* படங்களைச் செல்போனிலேயே விட்டுவிடாமல், நல்லதாக ஒன்றிரண்டைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். எங்கள் கூடத்தில் இப்போது அந்த வராந்தாப் படம்தான் தொங்குகிறது. ஆணி அடித்து மாட்டச் சொன்னது என் மாமியார்!